மிதக்கும் தீவின் ஒரு மூலை

நெலிடாவின் அப்பாவுக்கு,

சுரங்கத்தில் குளிர் அதிகமா? இங்கே கரையிலுள்ள பூனோ ஊரிலிருந்து சுற்றுலாப் படகு தினமும் வருகிறது. நேற்று ஒரு வெளிநாட்டுப் பெண், படம் எடுத்துக்கொள்ள நெலிடாவின் சிவப்புப் பாவாடையைக் கேட்டாள். உடுத்திவிட்டேன். அளவு சரியாக இருந்தது. குஞ்சம் வைத்துப் பின்னியும் விட்டேன்.

நம் கோரைத் தீவின் மேல் எல்லா இடத்திலும் புதுக் கோரை பரப்பியாயிற்று; நெலிடா வழுக்கி ஏரிக்குள் போன மூலையில் மட்டும் நான் பரப்பவில்லை. அவள் கடைசியாக மிதித்த கோரை அது. பக்கத்துக் குடிசைத் தம்பி எலியோ வந்து, "அக்கா, அந்த மூலை அழுகிப்போச்சு. விட்டா தீவே முங்கிடும். நாளைக்கு ரம்பம் போட்டு அறுத்து விட்டுடுறோம்" என்றான்.

நியாயந்தான். சரி என்றேன். நம் குடிசையும் அந்த மூலையோடு சேர்ந்து போகிற மாதிரி அறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் வந்தால் எங்களை ஏரியில் தேடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி