கட் பண்ணினால் நலம்

அன்புள்ள துரைக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் போன் அடித்தேன், முதல் மணியிலேயே கட் பண்ணிவிட்டாய், ஆகவே நீயும் நன்றாகத்தான் இருக்கிறாய். நீ முதன்முதலாக விடுதியில் சேர்ந்தபோது பேசினால் காசு ஆகும் என்று நான்தான் இந்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு அம்மா அடிப்பேன், நீ கட் பண்ணினால் நலம், அடிக்க விட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பத்தொன்பது வருஷம் ஆகிறது. இப்போது பேசக் காசே கிடையாது, முகத்தைக்கூடப் பார்த்துப் பேசலாம் என்கிறார்கள், ஆனாலும் நாம் இரண்டு பேரும் பழக்கத்தை விடவில்லை. கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இதுதான், இதை நீ கட் பண்ண முடியாது.

முதலில் சந்தோஷ சமாச்சாரம். நான் கப்பலில் போகப் போகிறேன். பதினொரு நாள், நான்கு துறைமுகம், தனியாக. வருகிற மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை புறப்பாடு. சட்டைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் நின்றுகொண்டே காலர் பார்த்து, பொத்தான் துளை பார்த்து, சரியில்லாததில் சாக்பீஸால் கோடு போட்டுத் தள்ளி, தேறியது என்று நான் விட்ட சட்டையெல்லாம் கப்பலில்தான் போயிற்று, பார்த்து அனுப்பியவள் ஒரு நாளாவது போக வேண்டாமா. ஜன்னல் இல்லாத உள்கேபின்தான் எடுத்திருக்கிறேன். கடல் வேண்டுமென்றால் மேல்தளத்துக்கு ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், தூங்கும்போது எனக்கு எதற்குக் கடல். ஒற்றை ஆளாகப் போனாலும் கேபினுக்கு இரண்டு பேருக்கான கட்டணம் கட்ட வேண்டுமாம். பயண ஏற்பாடு செய்து தரும் பையன் அதைச் சொல்ல மிகவும் தயங்கினான், கோபித்துக்கொள்வேன் என்று பயந்தான் போலிருக்கிறது. நான் கோபிக்கவில்லை. உங்கப்பாவோடு குடித்தனம் நடத்திய காலத்தில் அவரை நான் ஓர் இடத்துக்கும் கூட்டிப் போனதில்லை, அவருக்கும் சேர்த்துக் கட்டியதாக இருக்கட்டும் என்றேன். பையன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதைச் சுருக்கமாக உனக்குச் செய்தியில் அனுப்பியபோது நீ என்ன பதில் போட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா. "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம், ஏதாவது ஆச்சுன்னா நான்தானே ஓடி வரணும்." இரண்டு நாள் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷமாகப் போய்விட்டு வா என்று ஒரு வார்த்தை இல்லை, எந்தக் கப்பல் என்று கேட்கவில்லை. நீ ஓடி வந்து நான் பார்த்ததில்லை என்பது இருக்கட்டும், உனக்கு அந்தச் சிரமமே வேண்டாம் என்றுதான் அன்றைக்கே இன்சூரன்ஸ் வேலையில் இறங்கினேன். வயசானவர்கள் தனியாகப் போவதென்றால் டிக்கெட் சுலபம், இதுதான் பாடு. கப்பலில் டாக்டர் ஒருவர், கட்டில் இரண்டு, அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. நெஞ்சு வலி வந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் தன் வழியே போய்விடும். அப்புறம் ஆம்புலன்ஸ், ஆபரேஷன், ஊர் திரும்ப விமானம் எல்லாவற்றுக்கும் பாலிசி பேச வேண்டும். எனக்கு ஏற்கெனவே இருக்கிற ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அதில் அடங்க வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்த பதினான்கு நாளுக்குள் பாலிசி போட்டாக வேண்டும், புறப்படுவதற்கு முந்தின மூன்று மாதம் மாத்திரை அளவு மாறாமல் இருக்க வேண்டும். நம் டாக்டர் கொதிப்பு மாத்திரையைக் கூட்டுகிறேன் என்று பேனாவை எடுத்தார், கப்பல் திரும்பி வரட்டும் டாக்டர் என்று நான் தடுத்தேன். முறைத்துவிட்டு, தினம் ஒரு மணி நேரம் நடங்கள், குறைகிறதா பார்க்கலாம் என்றார். நடந்தேன், குறைந்தது. ஒருத்தருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்கிற வீம்பு இருந்தால் எது வேண்டுமானாலும் குறையும்.

டாக்டர் சான்றிதழ் கைக்கு வரும்போது பதினான்காவது நாள் ஆகிவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை, இன்சூரன்ஸ் பெண் வீட்டுக்கே வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும், சட்டையில் இடது கைத் தையல் கோணல், சொல்லாமல் விட்டேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டினாள். இறந்து போனால் உடலை ஊர் கொண்டுவந்து சேர்ப்பது பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே வந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. சத்தமாகப் படிம்மா, நான் இன்னும் சாகவில்லை என்றேன். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் சங்கதி. எழுபது தாண்டித் தனியாகப் போகிறவர்கள் ஓர் ஆளைக் காட்ட வேண்டும். நான் நினைவில்லாமல் கிடந்தால் ஆபரேஷன் செய்யலாமா கூடாதா, எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது, செத்தால் எங்கே கொண்டு போவது என்று சொல்ல வேண்டியவர். அந்த ஆள் அப்போதே போனில் பேசி, சரி, நான் பொறுப்பு என்று தன் வாயால் சொல்ல வேண்டும், அவர்கள் அதைப் பதிவு செய்துகொள்வார்கள். ஐந்து மணிக்குள் ஆகவில்லையென்றால் கொதிப்பும் சர்க்கரையும் பாலிசியில் கிடையாது. இதென்ன பெரிய விஷயம், எனக்கு ஒரே மகன் இருக்கிறான் என்று சொல்லி என் போனிலேயே உன்னை அடித்தேன்.

நீ கட் பண்ணினாய். அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன், கட் பண்ணினால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம், இது எங்கள் வீட்டுப் பழக்கம் என்று. அவள் தலையாட்டினாள். மறுபடி அடித்தேன், கட். மூன்றாம் தடவை அடித்தேன், அதுவும் கட், கூடவே ஒரு செய்தி வந்தது, திறந்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு பொம்மை. இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேனே துரை, என் வாயாலேயே கேட்டேன். அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கட்டுன்னா கட்டுதாம்மா," என்றாள். கெட்ட பெண் இல்லை. இதமாகத்தான் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகலில் அம்மா எதற்கு மூன்று தடவை அடிக்கிறாள் என்று அன்றைக்கும் உனக்குத் தோன்றவில்லை, அப்புறம் இந்த ஒன்பது நாளிலும் தோன்றவில்லை.

மணி நாலேகால் ஆயிற்று. வேறு யாராவது இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். யோசித்துப் பார்த்தால் எனக்கு நினைவுக்கு வந்த எண் ஒன்றே ஒன்றுதான். உன்னை விட்டுப் போனவளுடைய எண். அவளை நான் என்ன பாடு படுத்தினேன் என்று உனக்குத் தெரியும், உங்களிடம் வந்து தங்கும்போதெல்லாம் அவள் செய்கிற எந்த வேலையிலும் சாக்பீஸ் கோடு போட்டேன், அவள் அழுதபோது கண் தெரியாத மாதிரி இருந்தேன். இரண்டு மணி நேரத் தொலைவில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், வேலை நேரம் வேறு, எடுக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் அடித்தேன். முதல் மணி முடியவில்லை, "அத்தை, என்னாச்சு? எங்க இருக்கீங்க?" என்கிறாள். நாலு வருஷம் கழித்து முதல் வார்த்தை அது. விவரம் சொன்னேன். போனை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லி, பெயர், முகவரி எல்லாம் சொல்லி, நான் பொறுப்பு என்று தெளிவாகச் சொன்னாள். கடைசியில் என்னிடம், குளிருக்கு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள் அத்தை என்றாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டைவிரலைக் காட்டியிருப்பேன்.

படிவத்தில் அவளுக்கும் எனக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம். கணவர், மகன், மகள், மற்றவர் என்று நாலு போட்டிருந்தது. மகள் என்று போட்டுவிடலாமா என்று அந்தப் பெண்ணே கேட்டாள். தப்பாக ஒன்றை எழுதினால் நாளைக்குப் பாலிசி செல்லாது என்பான், வேண்டாம் என்றேன். மற்றவர் என்பதில் குறி போட்டு, விவரம் எழுதச் சொல்லியிருந்த கோட்டில், போன் அடித்தால் எடுப்பவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆகவே இனி நான் பிழைப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது அவள். என் உடம்பு எங்கே போக வேண்டும் என்று சொல்ல வேண்டியதும் அவள்தான். நீ ஓடி வர வேண்டியதில்லை, மெதுவாக நடந்துகூட வர வேண்டியதில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கட்டுன்னா கட்டுதான் என்று அந்த இன்சூரன்ஸ் பெண் சொன்ன வார்த்தை காதிலேயே நிற்கிறது. சாகும்வரை சொல்வதில்லை என்று வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்லப் போகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் உங்கப்பா போனபோது, ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் பிரிந்துவிட்டது, ஒருவரையும் கூப்பிட நேரமில்லை என்று உன்னிடமும் ஊரிடமும் சொன்னேன். அது பொய். அவர் மூன்று மணி நேரம் நல்ல நினைவோடு இருந்தார். கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னதும் அவரே கையை நீட்டிப் போன் கேட்டார், விரல் நடுங்கியதால் எண்ணை நான் அழுத்திக் கொடுத்தேன், காதில் வைத்துக்கொண்டார். ஒரு மணி அடித்தது. நீ கட் பண்ணினாய். அது புதன்கிழமை, மாலை நாலு மணி, ஞாயிறும் இல்லை ஒன்பது மணியும் இல்லை. நான் பதறிப் போய் மறுபடி அடிக்கிறேன் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விடு, கட் பண்ணிட்டான். துரை நல்லாத்தான் இருக்கான்," என்றார். அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் பேசவில்லை. ஆறு இருபதுக்குப் போய்விட்டார். ஏழு மணிக்கு என் போனிலிருந்து அடித்தேன், அதையும் கட் பண்ணினாய். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவியிடம் போன் வாங்கி அடித்த பிறகுதான், தெரியாத எண் என்று எடுத்தாய்.

மறுநாள் நீ வந்து இறங்கி, அத்தனை உறவுக்காரர்களுக்கு முன்னால் என்னைப் பார்த்து என்ன கேட்டாய். "உயிரோட இருக்கும்போது ஒரு போன் பண்ணணும்னு உனக்குத் தோணலையாம்மா?" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், உன் அத்தை முகத்தைச் சுளித்தாள். தலையைக் குனிந்துகொண்டு, நேரமில்லைப்பா என்றேன். அந்தக் கெட்ட பெயரை ஆறு வருஷம் நான் சுமந்தேன், இனி நீ சுமந்துகொள். பழி வாங்குகிறேனா என்று கேட்டால் ஆமாம், கொஞ்சம் வாங்குகிறேன். அந்த விதியை வைத்தவள் நான்தான், அதில் என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன், மீதி உன்னுடையது. கட் பண்ணினால் நலம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் செத்தவர் அவர் ஒருவர்தான், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. போன மாதம் நீ அனுப்பிய போட்டோவில் போட்டிருந்த நீலச் சட்டையில் காலர் முனை பிரிந்திருக்கிறது, அதைத் தைத்துப் போடு அல்லது தூக்கிப் போடு. நீ நூறு வயசு நோயில்லாமல் இருக்க வேண்டும், நல்லதையே காண வேண்டும், இதை மனசாரத்தான் சொல்கிறேன், பெற்ற வயிறு வேறு எதைச் சொல்லும். வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நான் கப்பலில் இருக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் என் போன் வராது, நடுக்கடலில் சிக்னல் இல்லை. வராததால் பயப்படாதே, நீ கட் பண்ணுகிற வேலை மிச்சம். ஆனால் அந்தப் பதினொரு நாளுக்குள் அவள் எண்ணிலிருந்து போன் வந்தால் கட் பண்ணாதே. உன்னோடு பேச அவளுக்கு இனி ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

என்றைக்கும் உன்னைப் பெற்றவள்,
அம்மா