இணைச்சீர்ப் பக்கம்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறுகிறது. ஈத் தொல்லை வேறு. இந்த மாதம் ராசிபுரத்தில் மனிதர்களைவிட ஈ அதிகம். சுற்றிலும் கோழிப்பண்ணை, பிறகு வேறென்ன வரும். பசை தடவி வைத்த அட்டையில் இரண்டு ஈ ஒட்டிச் செத்துக் கிடந்தன. நல்ல தடிமனான ரோஜா நிற அட்டை. பக்கத்தோடு தூக்கிப் போட்டேன். வயிறு எரிகிறது.

இன்றைக்கு:
– ஆத்தூர் பிறந்தநாள் ஆல்பம், கடைசி மூன்று பக்கம்
– கட்டர் பிளேடு, ரிப்பன், டபுள் டேப்
– அம்மாவுக்குப் போன் (தள்ளிப் போடலாம்)

ஆத்தூர்க்காரர்கள் குழந்தையின் தொப்புள்கொடியைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, படங்களோடு கூரியரில் அனுப்பியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டுமாம். காய்ந்த சுண்டைக்காய் வற்றல் மாதிரி இருக்கிறது. "அதத் தாயத்துல வெப்பாங்க, ஆல்பத்துல இல்லீங்க" என்று போனில் சொல்லிப் பார்த்தேன். "நீங்க பண்ணுங்க மேடம், வித்தியாசமா இருக்கும்" என்றாள் குழந்தையின் அம்மா. வித்தியாசம். இந்த வார்த்தையைக் கேட்டாலே குமட்டுகிறது. இதயம் கேட்டார்கள், கரடி பொம்மை கேட்டார்கள், நேற்று ரசத்தில்கூட ஜிகினா மிதந்தது. இப்போது தொப்புள்கொடி.

சின்ன உறை ஒன்று மடித்து, உள்ளே போட்டு ஒட்டினேன். கை கழுவினேன். இரண்டு தடவை.

அம்மாவே கூப்பிட்டுவிட்டாள். 13ஆம் தேதி வியாழன், மோகனூர் பத்திர ஆபீஸ். அப்பா விட்டுப்போன கரும்புக்காட்டில் எனக்குப் பாகம் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம். "ஒரு கையெழுத்துத்தான சாமி. எல்லாம் தம்பி பேருக்கு மாறுனாத்தான் ஊட்டு லோனு கெடைக்குமாமா. ஆதார எடுத்துட்டு வந்துரு."

சரி என்றேன். போட்டுவிடுவேன். சித்திரையில் புது வீடு குடிபோகிறார்கள், அக்கா நான்தான் முன்னால் நின்று எல்லாம் செய்ய வேண்டும். செந்தில் பாவம், அவன் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. அவன் பெண்டாட்டி ரேவதி பின்னால் நின்று தள்ளுகிறாள், அம்மா முன்னால் நின்று பேசுகிறாள்.

மார்ச் 4, செவ்வாய்

எடப்பாடியிலிருந்து ஒரு அம்மா நேரிலேயே வந்தார். இனி எ.அம்மா. தறிப்பட்டறை வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்ததும் என் வெள்ளை அட்டைக் கட்டை எடுத்து விசிறிக்கொண்டார். வியர்வைக் கைரேகை மூன்று அட்டையில்.

வேலை: மகன் பிரவீனுக்கு முதல் கல்யாண நாள் வருகிறது. மருமகளுக்குக் கொடுக்க உள்ளங்கை அளவு ஆல்பம். விசிறி மடிப்பு, பதினாறு பக்கம். இதயம் வேண்டாம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துவிட்டது. பத்து நிமிடம்தான் நீடித்தது.

"ஏனுங் கண்ணு, ஒரே ஒரு விசயம். என்ற பெரிய புள்ள எந்தப் படத்துலயும் இருக்கக் கூடாது."

"யாருங்க அவங்க?"

"சுமதின்னு. நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக்குடுத்தாச்சு. ஒரு கையெழுத்துப் போடச் சொன்னோம். மாட்டேனுட்டு, பாகம் வேணும்னு வக்கீல் நோட்டீசு உட்டிருக்கறா. அவ மூஞ்சிய எதுக்குங்க இனி நாங்க பாக்கோணும்?"

கட்டர் பிளேடை உள்ளே தள்ளி வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். உங்கள் மகனுக்கு இதில் சம்மதமா என்று கேட்டேன். எனக்கு எதற்கு அந்தக் கேள்வி.

"அவன் அப்பாவிங்க. அவனுக்கு ஒண்ணுந் தெரியாது."

போகும்போது பென்டிரைவோடு ஒரு தாளும் கொடுத்தார். எந்தப் படத்தில் சுமதி எங்கே நிற்கிறார் என்று வரிசையாக, நம்பர் போட்டு. அழகான கையெழுத்து. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

ஒரு ஆளைப் படத்திலிருந்து எடுக்கும் வழிகள்:
1. ஓரத்தில் நின்றால் வெட்டு.
2. நடுவில் நின்றால் மேலே ஒரு காகிதப் பூ.
3. பின்னால் நின்றால் 'மறக்க முடியாத நாள்' என்று எழுதிய சீட்டு.
4. யாரையாவது கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் படத்தையே விடு.

முக்கால்வாசி நாலாவது வகை. தம்பிக்குத் தலை வாரிவிடுகிறார். தம்பி கன்னத்துச் சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறார். தம்பி வாயில் எதையோ திணித்துவிட்டுத் தானும் மெல்லுகிறார். முன்பல் கொஞ்சம் தூக்கல், அதனால் எல்லாப் படத்திலும் சிரிப்பு தெரிகிறது. இப்படிச் சிரிப்பவரை வெட்டுவது சுலபமில்லை. பிளேடு பல்லுக்குக் குறுக்கே போகிறது. சீ.

சாயங்காலம் இவர் வந்தார். கோழித்தீவன மில்லில் வேலை, சட்டை முழுக்கக் கருவாட்டுத் தூள் நாற்றம். குளித்துவிட்டு வாருங்கள் என்று தினமும் சொல்கிறேன், தினமும் நேரே மேஜைக்குத்தான் வருகிறார்.

"யாரிது, தலைய மட்டும் குமிச்சு வெச்சிருக்கற?"

"பாகம் கேட்டவங்க."

சிரித்தார். "அப்ப நீ அடுத்த வியாழக்கெழமை ஒழுங்கா கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு. இல்லாட்டி உன்ற தலையும் எங்கியாச்சும் இப்படித்தான் கெடக்கும்."

வேடிக்கைக்குச் சொன்னார். நானும் சிரித்தேன். அப்புறம் தலைகளையெல்லாம் குப்புறத் திருப்பி வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மின்சாரம் இல்லை, பத்து முதல் இரண்டு வரை. விசிறி மடிப்பு முடிந்தது. ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்துப் பெருவிரல் கன்றிவிட்டது. ஆனால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. இந்த வீட்டில் சுத்தமாக இருப்பது அது ஒன்றுதான்.

எ.அம்மா போன்.

"இணைச்சீர்ப் பக்கம் வெச்சிருக்கறீங்களா?"

"இல்லீங்க. அதுல அவங்க இருக்கறாங்களே."

"அது இல்லாம எப்படீங்க? பாக்கறவங்க கல்யாணமே அரகொறன்னு நெனைக்க மாட்டாங்களா? படம் வேணும். அவ வேண்டாம்."

எனக்குச் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் செய்வதற்குத்தான் இணைச்சீர் என்று பெயர். கூறைச் சேலையின் ஒரு தலைப்பு அவள் தோளில், மறு தலைப்பு அவன் கையில். அவள் இல்லாவிட்டால் அந்தச் சீரே கிடையாது. இணைச்சீர் வேண்டும், இணைச்சீர்க்காரி வேண்டாம்!

"என்ற கொழுந்தனார் புள்ள படம் அனுப்பறனுங்க. மூஞ்சிய மட்டும் மாத்திருங்க. அவளும் அக்கா மொறதான."

அனுப்பிவிட்டார். பாஸ்போர்ட் சைஸ், நீலப் பின்னணி, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, முறைப்பு. வேலைக்கு விண்ணப்பம் போட எடுத்ததாக இருக்கும்.

செய்தேன். அரை மணி நேரம் கத்தரித்து ஒட்டினேன். கழுத்துக்குக் கீழே ஒருத்தி தம்பி கல்யாணச் சந்தோஷத்தில் சாய்ந்து நிற்கிறாள், கழுத்துக்கு மேலே வேறொருத்தி வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். என் கையால் இதுவரை இவ்வளவு அசிங்கமாக எதுவும் செய்ததில்லை. தொப்புள்கொடியே பரவாயில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வெட்டிய துண்டுகள் மேஜையிலேயே கிடக்கின்றன. எண்ணவில்லை, முப்பதுக்கு மேல் இருக்கும். அவற்றின்மேல் ஈ. குப்பை வண்டி வந்தபோது கையில் அள்ளிக்கொண்டு வாசல் வரை போனேன், திரும்பி வந்துவிட்டேன். பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

செந்திலுக்கு நானும் இணைச்சீர் செய்தவள்தான். கூட்டத்துக்கு நடுவில், "அக்கா, பசி உயிர் போவுதுக்கா" என்று காதில் சொன்னான். சடங்கு நடத்தும் அருமைக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் வாழைப்பழத்தைப் பிய்த்து அவன் வாயில் போட்டேன். அந்தப் படம் அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

நாலு நாளாக எனக்கு இருப்பது பயம். கையெழுத்துப் போட்டால் அந்தச் சுவரில் இருப்பேன். போடாவிட்டால் ரேவதி ஒரே வாரத்தில் கழற்றிவிடுவாள். ஒரு சுவருக்காகக் கையெழுத்தா என்று கேட்டால் ஆமாம், அதற்காகத்தான். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.

இவரிடம் கேட்டேன். "உங்க ஊட்டு வெவகாரம், உன்ற இஷ்டம்." இந்தப் பதிலைச் சொல்லிவிட்டுப் பல் குத்துகிறார்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு ஆல்பம் வாங்கிப்போகப் பிரவீனே வந்தான். இருபத்தெட்டு இருக்கும். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தான், தண்ணீர் கொடுத்ததும் "நன்றிங்க்கா" என்றான். அப்பாவிதான் போல என்று நினைத்தேன். ஆல்பத்தைக் கொடுக்கவே எனக்குக் கூச்சம். இணைச்சீர்ப் பக்கத்தைப் பார்த்தால் அழுதுவிடுவானோ, கத்துவானோ. என்னிடம் கத்தினால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஒவ்வொரு மடிப்பாகத் திறந்தான். அந்தப் பக்கம் வந்தது. நின்றான். ஒட்டிய முகத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தான். பிய்க்கப் போகிறான் என்று நினைத்தேன். பிய்க்கட்டும், பிய்க்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அழுத்தினான்.

"இங்க கொஞ்சம் தூக்கிட்டு இருக்குதுங்க்கா. பசை பத்தல."

ஆல்பத்தை என் பக்கம் திருப்பினான்.

"அப்பறம், அக்கா கை தெரியுது பாருங்க. அந்த வளையல் என்ற சம்சாரத்துக்கு அடையாளம் தெரியும். அதும்மேல ஒரு பூ வெச்சிருங்க."

"எல்லாம் உங்கம்மா சொன்ன மாதிரிதானுங்க செஞ்சேன்" என்றேன், என்னமோ தப்பு என்மேல் இருக்கிற மாதிரி.

"அம்மாவுக்கு என்னங்க தெரியும்?" சிரித்தான். முன்பல் கொஞ்சம் தூக்கல். "லிஸ்ட்டு நாந்தான் எழுதிக் குடுத்தேன். மூஞ்சிய மாத்தறதும் என்ற ஐடியாதான். நாஞ்சொன்னா நல்லா இருக்காதில்லீங்க, அதான் அம்மாவ அனுப்பிச்சேன்."

பூவை ஒட்டினேன். ஆமாம், ஒட்டினேன். அவன் நின்றுகொண்டிருந்தான், கை பாட்டுக்கு வேலை செய்தது. முகத்தின் ஓரத்துக்கும் பசை வைத்துக் கொடுத்தேன். "சூப்பருங்க்கா" என்று சொல்லி, பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

சோப்பு, பிறகு சாம்பல், பிறகு எலுமிச்சை. விரல் நுனியிலிருந்து அந்தப் பசை போகிறது, அருவருப்பு போகவில்லை. அவன்மேல் பாதி, என்மேல் பாதி. மதியம் சமைக்கவில்லை.

மார்ச் 12, புதன்

அம்மாவைக் கூப்பிடவில்லை. நேரே செந்திலைக் கூப்பிட்டேன். இத்தனை நாளில் இதைப்பற்றி அவனிடம் நேராக ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஏன் பேசவில்லை என்று இப்போது தெரிகிறது.

"பத்திரம் யாரு எழுதச் சொன்னது?"

"நாந்தாங்க்கா. தீபாவளிக்கு முன்னாடியே எழுதி வெச்சாச்சு."

"அம்மா எதுக்கு என்கிட்டப் பேசுது?"

"நாங் கேட்டா உனக்குச் சங்கடம். அம்மான்னா நீ மறுபேச்சுப் பேச மாட்ட."

"ரேவதி என்ன சொல்றா?"

"அவ கெடக்கறா. அக்காவுக்கு ஒரு கால் ஏக்கராவாச்சும் குடுங்கன்னு ஒரு வாரமா சண்ட. பொம்பளைக்கு என்ன தெரியும். நீ நாளைக்கு பத்து மணிக்கெல்லாம் வந்துருக்கா."

ஏழு வருஷம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த நோட்டிலேயே எத்தனை பக்கம். திருப்பிப் பார்த்தேன். 'நீலி' என்றுகூட ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். தம்பி என்கிற ஒருத்தனைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இரண்டு பொம்பளைகள்மேல் சேறு பூசியிருக்கிறேன். தூ.

ரிப்பன் தீர்ந்துவிட்டது. நாமக்கல்லில் ஒரு சீமந்த ஆல்பம் கேட்கிறார்கள், இருபது பக்கம். இதயம் நிறைய வேண்டுமாம்.

மார்ச் 13, வியாழன்

மேகமூட்டம், ஆனாலும் புழுக்கம். ஒன்பது மணி பஸ் போய்விட்டது. போகவில்லை. சேலை மாற்றவே இல்லை. இவர் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று, "கெளம்பலயா?" என்றார். இல்லை என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அம்மா நான்கு தடவை. எடுக்கவில்லை. பத்தே முக்காலுக்குச் செந்தில்.

"எங்கக்கா வந்துட்டிருக்கற? டோக்கன் வந்துருச்சு."

"ஊட்டுலதான் இருக்கறேன். வரல. கையெழுத்துப் போடல."

பின்னால் பத்திர ஆபீஸ் சத்தம். யாரோ யாரையோ ரேகை வைக்கக் கூப்பிட்டார்கள். அம்மா, "என்னவாம், என்னவாம்" என்றது கேட்டது.

"நல்லா யோசிச்சுக்க. அப்பறம் சித்திரைல ஊடு குடிபோறப்ப நீ வாசப்படி மிதிக்க முடியாது."

"செரி சாமி" என்றேன். "போட்டோக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சுரு. எடுத்ததுக்கப்பறம் வெட்டறது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத் தெரியும்."