ராமாயியின் காலைத் தின்ற பூஞ்சை

1938 பங்குனி, புதன் இரவு.

எங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் எருமப்பட்டி ராமாயியின் பாதப் புண்ணில் சீழோடு வந்த, கடுகளவு கருமணிகளிலிருந்து நோய்ப் பூஞ்சையைச் சோதனைக் குழாயில் வளர்க்க மாதக்கணக்காகப் போராடினேன். ஒவ்வொரு முறையும் காற்றில் வந்த வேறு பூஞ்சணம்தான் முளைத்தது. இன்று நோய்ப் பூஞ்சையே வளர்ந்திருந்தது. குழாயோடு வார்டுக்கு ஓடினேன்.

"இதானுங்களா என்ற காலைத் தின்னது?"

"ஆமாம்மா, இதேதான்."

"அப்ப மருந்து இருக்குதுங்களா, சாமி?"

இதற்கு மருந்தே கிடையாது. நீட்டிய குழாயைத் தாழ்த்திக்கொண்டேன். அவளுக்கே புரிந்துவிட்டது. களை வெட்டிப் பிழைப்பவள். நாளை அந்தக் காலைக் கணுக்காலுக்கு மேல் வெட்டி எடுக்கப்போகிறார்கள்.

"மூடியத் தொறந்துறாதீங்க. ஆருக்காச்சும் ஒட்டிக்கப் போவுது" என்றாள்.

பெரிய டாக்டர் குழாயைப் பார்த்துக் கைகுலுக்கிப் பாராட்டினார். அந்தக் கையைத் தட்டிவிடலாம் போலிருந்தது.