மார்கழியிலும் புழுக்கம்

மச்சாள்,

தவிடு கருகிய மணம் இன்னும் என் கையில் நிற்கிறது. வறுத்தது நான்தான். நீங்கள் இருந்திருந்தால், "உனக்கு எல்லாத்திலயும் அவசரம், தள்ளடி" என்று தாச்சியைப் பறித்திருப்பீர்கள்.

அண்ணாவைக் கட்டிக்கொண்டு நீங்கள் ஸ்கந்தபுரத்துக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். ஒவ்வொரு மாதத் துடக்குக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கொட்டிலில் சுருண்டு கிடப்பவளுக்கு எந்தப் பாடம் ஏறும்? பிறகுதான் யாழ்ப்பாணம் கொண்டுபோய் வயிற்றைக் கீறி, கர்ப்பப்பைக்குப் பக்கத்திலிருந்த இரத்தக் கட்டியை எடுத்தார்கள். அம்மா வற்றாப்பளையில் அம்மனுக்குப் பொங்கி, பிள்ளைக்குச் சுகம் என்று ஊரெல்லாம் சொன்னார்.

அடுத்த துடக்கோடு நோவும் திரும்பி வந்தது. பொங்கி முடித்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? அம்மனைப் பொய்யாக்கிய மாதிரி ஆகிவிடுமே. துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள்தான் எட்டிப் பார்த்தீர்கள்.

"நோகுதோ?"

"இல்லை."

"முகத்தைப் பார்த்தால் தெரியுது. பொறு, தவிடு வறுத்துக்கொண்டு வாறன். மாமி கேட்டால் மாட்டுக்கெண்டு சொல்லுறன். நீதான் மாடு."

சிரிக்கவும் நொந்தது. சுடச்சுடத் தவிட்டு முடிச்சை முதலில் உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் வயிற்றில் வைத்தீர்கள். "வெட்டினாப் போல என்ன? நோகுதெண்டால் நோகுதுதான்" என்றீர்கள். அதுவரை எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

துடக்குக்காரியைத் தொட்டால் முழுகாமல் குசினிக்குள் போக முடியாது. ஒவ்வொரு ஒத்தடத்துக்கும் நீங்கள் கிணற்றடிக்குப் போனீர்கள்.

"காலமைதானே முழுகினனி, பிள்ளை?" என்று அம்மா கேட்பார்.

"புழுக்கமாக் கிடக்கு, மாமி."

மார்கழிக் குளிரிலும் உங்களுக்குப் புழுக்கம்தான். ஈரத் தலையோடு திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள்.

நெருப்புக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. நோவு போகவில்லை. பின்கொட்டில் படலை காற்றில் ஆடினாலும் நீங்கள்தான் என்று தலையைத் தூக்குவேன்.

இன்று பொறுக்க முடியவில்லை. எழும்பி நேரே குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன்.

"ஐயோ, துடக்கோட அடுப்படியில நிக்கிறியேடி!" என்று அம்மா ஓடிவந்தார்.

"நோகுதம்மா. வெட்டினாப் பிறகும் ஒவ்வொரு முறையும் நோகுது. மச்சாளுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப... அவளுக்குப் புழுக்கம் எண்டது..." என்று பாதியில் நிறுத்திய அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு, நான் வறுத்துக் கட்டிய தவிட்டு முடிச்சை வாங்கி என் வயிற்றில் வைத்தார்.

சுட்டுவிட்டது. அம்மாவுக்கு உங்கள் பக்குவம் தெரியாது. திருப்பி வாங்கி என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஆறட்டும் என்று வைத்திருந்தேன், நீங்கள் வைத்திருந்த மாதிரி.

இப்போது கிணற்றடியில் துலா கிறீச்சிடுகிறது. அம்மா முழுகுகிறார். ஈரத் தலையோடு வருவது அவர்தான் என்று தெரியும், மச்சாள். தெரிந்தும், காலடி கேட்டதும் உங்களைப் பார்க்கத்தான் திரும்புகிறேன்.