சனிக்கிழமைகளில் அப்பா வெளியே போகவில்லை

குளுவாங், மலேசியா,
8 பிப்ரவரி 2026

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நானும் அம்மாவும் சுகம், கிளாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். புதிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீரக நோயில் எதை ஆராய வேண்டும் என்று நோயாளிகளையே கேட்கும் குழுவில் நானும் இருக்கிறேன் அல்லவா, நாங்கள் கொடுத்த கேள்வி ஒன்று இறுதிப் பரிசீலனைக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒருங்கிணைப்பாளர் யோகேஸ்வரி போனில் உறுதிசெய்தார். முதல் கூட்டத்தில் ஆராய்ச்சி டாக்டர் முன்னால் எங்களில் ஒருவரும் உண்மை பேசவில்லை. நல்லா இருக்கோம் டாக்டர், ஒரு குறையும் இல்ல என்று ஆளாளுக்குச் சொன்னோம். குறை சொன்னால் டயாலிசிஸ் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். முப்பது வருடம் பிறரைக் கேள்வி கேட்ட நிருபன், நானும் அதையே சொன்னேன். அப்புறம் எதுக்கு ஆராய்ச்சி, எல்லாரும் வீட்டுக்குப் போலாமே என்று யோகேஸ்வரி பேனாவை மூடிவிட்டார்.

இரண்டாம் கூட்டத்தில் ராஜம்மாதான் ஆரம்பித்தார், மெஷினில் என் பக்கத்து நாற்காலிக்காரர், சிம்பாங் ரெங்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ரத்தத்துல அது ஏறிச்சு இது இறங்கிச்சுன்னு நீங்க பாக்குறீங்க டாக்டர், மெஷினவிட்டு எழுந்தா அன்னைக்கு முழுக்க என்னால வாயத் தொறக்க முடியல, பேரன் கூப்பிட்டா சுவரப் பாத்துப் படுத்துக்கிறேன், அதுக்கு ஒரு வழி பாருங்க லா என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ரிப்போர்ட்டர் ஊர்க்கதையெல்லாம் எழுதுவாரு, சொந்தக் கதைன்னா மூச்சு விடமாட்டாரு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் உன்னைப் பற்றிச் சொன்னேன்.

உன்னிடம் சொல்லாததும் அதுதான். சனிக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா வெளியே போயிருக்கார் என்று அம்மா சொல்வது என் ஏற்பாடு. மத்தியானம் நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வந்து பக்கத்து அறையில்தான் படுத்திருப்பேன். அம்மா போனை ஸ்பீக்கரில் வைப்பதால் உன் குரல் கேட்கும், பதில் சொல்லத் தெம்பு இருக்காது. அப்பாவுக்கு என் மேல் கோபமா என்று போன மாதம் நீ கேட்டதும் என் காதில் விழுந்தது. கோபம் இல்லையம்மா. நீ பேசியதையெல்லாம் மறுநாள் அம்மாவை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்பேன், நீ என்ன சமைத்தாய் என்பது வரைக்கும்.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, எனக்குத்தான் அளவு. உனக்கு எல்லா நலமும் கிடைக்க வேண்டுகிறேன். மறக்காமல் இனி ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, உனக்குக் காலை ஒன்பது, எங்களுக்கு மாலை ஐந்து, அன்று என்னால் பேச முடியும். மெஷினுக்குப் பின் வரும் அசதியை ஆராய்வதா என்பதை மார்ச் 18ஆம் தேதி முடிவு செய்கிறார்கள். எடுத்துக்கொண்டாலும் விடை வர மூன்று வருடம் ஆகுமாம். அதுவரை சனிக்கிழமைகளில் என் குரலை எதிர்பார்க்காதே.

உன் அப்பா,
மனோகரன்