நாலாம் குளத்துக்குப் போன பொரி

உ

காஜா பேராங்,
மலாக்கா.
18-6-1961

அன்பு மகன் சேதுபதிக்கு, அம்மா கமலவேணி சொல்லி எழுதுவது. வீட்டில் அப்பா, நான், உன் தங்கை சந்திரமதி மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அந்த நியூசிலாந்துக் குளிரில் நீயும் காய்ச்சல், சளி இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். எப்போதும் போல நான் சொல்லச் சொல்லச் சந்திரமதிதான் எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுத மாட்டாள், பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி திருத்தித்தான் எழுதுவாள். வாசகம் அவளுடையது, விஷயம் என்னுடையது என்று வைத்துக்கொள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று உன் சிநேகிதன் தியாகு உனக்கு எழுதியதாகவும், அப்பா வேலையில்லாமல் இருக்கும்போது நீ அங்கே உட்கார்ந்து மண்ணையும் புல்லையும் படித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை என்றும், படிப்பை விட்டுவிட்டு அடுத்த மாதக் கப்பலில் வரப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். தங்கை படித்துக் காட்டியதும் உன் அப்பா வெளியே போய்ச் சைக்கிள் சங்கிலியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார், அது சுத்தமாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு வேலை போகவில்லை, ராசா. சில நாள் நின்றிருந்தது, அவ்வளவுதான். தியாகு நல்ல பிள்ளை, ஆனால் பாதி கேட்டதும் பேனாவை எடுத்துவிடுவான். நடந்ததை முழுக்கச் சொல்கிறேன், இதைப் படித்து முடிக்கும்வரை கப்பல் ஆபீஸ் பக்கம் போகாதே.

அப்பா இப்போது மீன் குளத்தில் வேலை செய்கிறார் என்று உனக்குத் தெரியும், ஆனால் அது என்ன குளம் என்று நாங்கள் விவரமாக எழுதியதில்லை, எங்களுக்கே இப்போதுதான் சரியாகப் புரிந்தது. புக்கிட் காதிலுக்கு அப்பால் ஒன்றும் விளையாத சதுப்பு நிலம் கிடந்ததே, மண் அவ்வளவு புளிப்பு. நம் நாடு மெர்டேக்கா அடைந்த பிறகு அங்கே குளம் குளமாக வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, தண்ணீர் விட்டு, மீன் விட்டார்கள். பணமும் ஆளும் ஒரு நாட்டிலிருந்து வருவதில்லை. டாக்டர் என்று எல்லோரும் கூப்பிடும் துரை இங்கிலாந்துக்காரர், வேலை பழக வந்தவர்கள் சயாமிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும், மீன் ஆப்பிரிக்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும். இங்கே பார்த்துக் கண்டுபிடிப்பதை அச்சுப் போட்டு நம்மைப் போன்ற நாடுகளுக்கெல்லாம் அனுப்புவார்களாம், யாரும் யாரிடமும் விலை கேட்கக்கூடாது என்று ஏற்பாடு. நீ அங்கே கொழும்புத் திட்டத்து உதவிப் பணத்தில் படிக்கிறாயே, அதற்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு காரியம் என்று அப்பா சொல்கிறார். அப்பாவுக்குப் புல் வெட்டிப் போடுகிற வேலை, சீனத்து மீன் புல்தான் தின்னும். இதைக் கேட்டதிலிருந்து தெருவே மரியாதையாக நோனியா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா, புல் தின்கிற மீன் சைவம்தானே, வெள்ளிக்கிழமை குழம்பு வைத்தால் சாமி கோபிக்குமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீ சிங்கப்பூரில் கப்பல் ஏறிய வாரம் நான் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் நின்று, நீ நல்லபடியாகத் திரும்பி வரும்வரை வெள்ளிக்கிழமை தவறாமல் மீனுக்குப் பொரி போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நம் கோயிலில் குளம் இல்லை. அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோவது சந்திரமதி, அவள் போகிற வழியில் மரத்தடியில் ஒரு குளம் இருந்தது, அதில் போடச் சொன்னேன். அது நாலாம் குளம். ஒரு கைப்பிடிப் பொரியோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பொன்னம்மா நோனியாவிடம் சொன்னேன். அவளுடைய மகன் போலீஸில் சேர்ந்து வடக்கே போயிருக்கிறானா, அவளும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டாள். பிறகு எதிர்வீட்டுக் காமாட்சி மகளுடைய பிரசவத்துக்காக, கடைக்காரர் சுப்பையன் தன் மூட்டுவலிக்காக, இப்படி இந்தத் தெருவில் யாருக்கு என்ன வேண்டுதல் இருந்தாலும் பொரியும் பழைய சோறும் தேங்காய்ப் புண்ணாக்கும் நம் வாசலுக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை என்பதும் போய் எல்லா நாளும் என்று ஆனது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் உன் தங்கை பையை நிரப்பிக்கொண்டு போவாள். அப்பா வேலை செய்வது கடைசிக் குளத்தில், அவருக்கு இது கண்ணில் படவே இல்லை.

எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான். அந்த நாலாம் குளத்துக்கு யாரும் இரை போடக்கூடாது. வெறும் சுண்ணாம்பும் எருவும் மட்டும் போட்டால் மீன் எவ்வளவு வளர்கிறது என்று பார்ப்பதற்கு வைத்த குளம் அது, குளம் வெட்டக் கைப்பலம் இருந்தும் மீனுக்குப் போட ஒரு பிடி தவிடுகூட இல்லாத ஏழைக்காக. அங்கே மீன் மதமதவென்று வளர்ந்தது. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து, இந்தக் குளங்களுக்கு மேற்கொண்டு பணம் கொடுப்பதா, மூடிவிடுவதா என்று முடிவு செய்யப் பல நாட்டுப் பெரியவர்கள் கூட்டமாக வந்தார்கள். இந்தியா, சிலோன், சயாம், ஜப்பான், ஐக்கிய நாட்டு உணவுச் சபை என்று ஏகப்பட்ட கார். டாக்டர் அவர்களை நேரே நாலாம் குளத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாராம். இரை இல்லாமலே வளர்ந்த மீனைப் பாருங்கள் என்று அவர் கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உன் தங்கை கேரியரோடு வரப்பில் வந்திருக்கிறாள். குளத்து மீன் முழுவதும் அவள் நிழலைக் கண்டு கரைக்கு ஓடிவந்து வாயைத் திறந்துகொண்டு நின்றதாம். அவள் பயந்து நாலு அடி தள்ளிப் போனால் மீனும் நாலு அடி தள்ளி வருகிறது. இவள் நின்றால் அதுவும் நிற்கிறது.

வந்தவர்களில் மெட்ராஸ்காரர் ஒருவர் இருந்தார். அவர்தான் பக்கத்தில் வந்து, “ஏம்மா, இதுங்க உன்னப் பாத்து இப்படி ஓடி வருதே, நீ ஏதாச்சும் போடுறது உண்டா?” என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நல்லையா, அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்கு உடனே விளங்கிவிட்டது. “இல்லை எண்டு சொல்லும் பிள்ளை” என்று பல்லுக்குள்ளே சொன்னாராம். தபால்காரன் பெயர் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண் இவள். சுற்றிலும் தொப்பியும் கோட்டுமாக அத்தனை பேர். இவள் அப்பாவைத் தேடிப் பார்த்திருக்கிறாள். அப்பா புல்கட்டோடு அடுத்த வரப்பில் நின்றார். குளம் மூடினால் தன் வேலையும் போகும் என்று அவருக்குத் தெரியாதா, தெரியும். “உள்ளதச் சொல்லிரும்மா” என்றார்.

இவள் சொல்லிவிட்டாள், ஒன்றுவிடாமல். இது எங்கள் அண்ணனுக்கு, இது நோனியா மகனுக்கு, இது பிரசவத்துக்கு, இது சுப்பையன் மாமா முழங்காலுக்கு என்று. (இதை எழுத மாட்டேன் என்று சந்திரமதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான் அதட்டி எழுத வைத்திருக்கிறேன்.) மெட்ராஸ்காரர் ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் சொல்லச் சொல்லச் சயாம்காரர் சிரித்து, எங்கள் புத்தர் கோயிலிலும் இப்படித்தான் போடுவோம் என்றாராம், ஜப்பான்காரரும் தலையை ஆட்டினாராம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷத்து உழைப்பு இல்லையா, ராசா. பிறகு அவர் இவளைத் திட்டவில்லை. நீ இன்றைக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கு அச்சாகிப் பல நாட்டுக்குப் போயிருக்கும், அதை நம்பி எங்கேயோ ஒருவன் கடன்பட்டுக் குளம் வெட்டி, மீன் ஏன் வளரவில்லை என்று தெரியாமலே நொந்துபோயிருப்பான் என்று மெட்ராஸ்காரரைத் தமிழில் சொல்லச் சொன்னாராம். இவள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லித்தான் அழுதாள். எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. என் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டது, முகம் தெரியாத இன்னொருத்தி பிள்ளையைப் படுகுழியில் தள்ளியிருக்கும்.

வந்தவர்களோடு டாக்டர் கோலாலம்பூர் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் நல்லையா அப்பாவைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். “இவ்வளவு நாளும் வாய் திறக்காத பிள்ளைக்கு இண்டைக்குத்தானோ வாய் வந்தது?” என்று ஒரு குத்தும் குத்தியிருக்கிறார். தியாகு கேள்விப்பட்டது இந்த இடத்தைத்தான். அந்த நாட்களில் அப்பா வீட்டில் இருந்தபடி கோழிக்கூட்டைப் பிரித்துக் கட்டினார், பிறகு மறுபடியும் பிரித்துக் கட்டினார். நீ பொய் சொல்லியிருக்கலாமே என்று ஒருநாளும் இவளைக் கேட்கவில்லை. டாக்டர் திரும்பி வந்தபோது சீனத்து மீனுக்குப் புல் இல்லை, புல் வெட்டுகிறவர் எங்கே என்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலை அப்பாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட நல்லையாவே சைக்கிளை மிதித்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் காப்பி கொடுத்தேன், குடித்தார். அவர் மேலேயும் தப்பில்லை, குளம் மூடினால் அவருக்கும் வேலை இல்லைதானே.

குளம் மூடவில்லை. நாலாம் குளத்தை வடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும், சரியான கணக்கு வரும்வரை பணம் கொடுக்கிறோம் என்று அந்தப் பெரியவர்கள் எழுதிவிட்டார்களாம். கட்டுவதாக இருந்த புதுக் கட்டடம் மட்டும் இல்லை. அப்பாவை நிரந்தரம் ஆக்குவதும் இந்த வருஷம் இல்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இன்னொன்று, வீட்டில் மிஞ்சுவதைப் போட்டே மீன் இப்படி வளர்ந்தால் அதையும் அளந்து பார்ப்போம் என்று டாக்டர் ஒன்பதாம் குளத்தைத் தனியாக ஒதுக்கியிருக்கிறார். அதற்குத் தினமும் நிறுத்துப் போட்டு எழுதி வைக்க உன் தங்கையைத்தான் கேட்டார், தினக்கூலிக்கு. ஆண்கள் வேலை செய்கிற இடம், வயசுப் பெண் என்று நான் யோசித்தேன். அப்பா கூடவே இருக்கிறார் என்பதால் சரி என்றேன். குளத்தில் உன் சொந்தக்காரர் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார்கள், சீக்கிரம் போ என்று இப்போது நல்லையா இவளைக் கேலி செய்கிறாராம். நான் கோயிலுக்குப் போய், பிள்ளையாரே, இனி மீனுக்குப் பொரி இல்லை, என் மகனை வேறு வழியில் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். பொன்னம்மா நோனியாவுக்குத்தான் மனசு ஆறவில்லை, “பாதியிலே நிறுத்தினா அந்த மீனுங்க என் மகனைச் சபிக்காதா, கமலம்?” என்று கேட்கிறாள்.

அதனால் நீ வராதே. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, நிதானமாக யோசித்துச் சொல்கிறேன். அந்த நாட்டுக்காரர்கள் நம் நாட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய், பாதியில் எழுந்து வந்தால் அது காலியாகத்தான் கிடக்கும், கேட்டுக் கிடைக்காமல் போன இன்னொரு பையனுக்கும் அது உதவாது என்று அப்பா சொல்லச் சொன்னார். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே, அந்த ஊர் வெண்ணெயை அதிகம் சேர்க்காதே, உனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. கப்பல் ஆபீஸுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டு, எழுதியாகிவிட்டது என்று எங்களுக்கும் உடனே ஒரு வரி போடு, மறந்துவிடாதே. பிள்ளையார் துணையால் நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் எடுத்த படிப்பை முடித்து வர அப்பாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

உன் அன்பு அம்மா,
கமலவேணி

அண்ணா, இது அம்மா சொன்னது இல்லை, நானாக எழுதுவது. அம்மா அடுப்படிக்குப் போயிருக்கிறார்கள். ஒருவேளை இந்தக் கடிதத்தையும் மீறி நீ இப்போது வந்துவிட்டால் ஒன்பதாம் குளத்து வேலையை உனக்குக் கேட்கலாம், நான் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று நேற்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ கேட்டால் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன், அதனால்தான் முன்னாலேயே எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது காலையில் தராசைத் துடைத்து வைக்கும்போதுதான் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தெரிகிறது. அந்தக் கணக்கும் வெளிநாட்டுக்கெல்லாம் போகுமாம், டாக்டர் சொன்னார். அதைச் சரியாக முடித்துக் கொடுக்க எனக்கு ஆசை. நீ உன்னுடையதை முடித்துவிட்டு வா, அண்ணா.

சந்திரமதி