நன்றிச் சுடர்

குடியரசு ஆண்டு 31, நாள் 204. காலை 07:10

காற்று நிலையம், செவ்வாய்க் கிரகம். பொறுப்பு: ரெஜினா அந்தோணிமுத்து. ஆள்: நான் ஒருத்தி.

ஆக்ஸிஜன் 20.8. கரியமில வாயு 0.3. மூன்றாம் வடிகட்டி மாற்றினேன். இரண்டாம் பம்ப் வழக்கம்போல் முனகுகிறது. கிரீஸ் வைத்தேன், கேட்கவில்லை. நகரம் இங்கிருந்து நாலு கிலோமீட்டர், மண்ணுக்குள் நாலு தளம், 6,200 பேர். ஏழாயிரம் பேருக்கு மேல் இந்த இயந்திரங்கள் தாங்காது. முதல் பம்ப் மேல் மூன்று தளங்களுக்கு. இரண்டாவது நாலாம் தளத்துக்கும், போகிற வழியில் என் அறைக்கும். வருஷா வருஷம் இதை எழுதி அனுப்புகிறேன், படிக்கத்தான் ஆளில்லை.

நாள் 204. 10:25

மூத்தவர் போய்விட்டார். அம்பலவாணன், வயது எழுபத்தாறு. இந்த மண்ணைக் கம்பெனிக்காரர்களிடமிருந்து பிடுங்கி, நாடு என்று பெயர் வைத்தவர்.

அழுதேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. மூன்றாம் ஆண்டு தொட்டி வெடித்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆளுக்கு இவ்வளவு காற்று என்று பங்கு போட்டார்கள். மனுஷர் தன் பங்கில் பாதியை நாலாம் தளத்துப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, உதடு நீலம்பாரிக்க இரண்டு நாள் கிடந்தார். அந்தப் பாதியில் கொஞ்சம் என் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கும்.

அவர் போட்ட முதல் சட்டம் என் சுவரில் தொங்குகிறது: "கூரைக்குள் தீ கூடாது." பேத்தி கல்யாணத்தில் மாப்பிள்ளைப் பையன் குத்துவிளக்கு ஏற்றினான் என்று அவனையே ஒரு மாதம் உள்ளே வைத்தவர்.

நாலாம் தளத்திலிருந்து என் அக்கா பிலோமினா பேசினாள்:

"ஏட்டி ரெஜினா, சாப்பிட்டியா? அழுதுக்கிட்டே கெடக்காத. எனக்கு முட்டிவலி, மூத்தவரப் பாக்க வரிசையில நிக்க முடியாது. டிவியில பாத்துக்கிடுதேன்."

நாள் 205. 08:40

துக்கக் குழுவின் அறிவிப்பு. மூத்தவர் தந்த மூச்சுக்கு நன்றியாக வீட்டுக்கு ஒரு எண்ணெய் விளக்கு. அடக்கம் முடியும்வரை, மூன்று நாள், அணையாமல். பெயர் நன்றிச் சுடர். தீச் சட்டம் இதற்காகத் தளர்த்தப்படுகிறதாம்.

ஒரு விளக்கு முக்கால் ஆளின் மூச்சைக் குடிக்கும். 1,540 வீடு. அதாவது 1,155 ஆள் புதிதாகக் குடியேறின மாதிரி. குழுவின் செயலாளர் தணிகாசலத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். பதில்:

"மேடம், நாடே கண்ணீர்ல நிக்குது. இந்த நேரத்துல கணக்கு பேசுறீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இல்லையா?"

மனசு இருக்கிறது சார். நுரையீரலும் இருக்கிறது.

நாள் 205. 15:00

நிலையத்து டிராக்டரை வாங்கிப் போனார்கள். இறுதி ஊர்வலத்துக்கு அதுதான் ரதம். தாள் பூ செய்து ஒட்டவே இரண்டு நாள் ஆகும் என்றான் ஓட்டுநர். இங்கிருந்து போக எனக்கு வேறு வண்டி கிடையாது. வெளியே நடக்கிற காற்று உடுப்பு ஒன்று உண்டு, முழங்காலில் கிழிசல், மாற்று கேட்டு எட்டு மாதம் ஆகிறது.

நாள் 206. 09:15

வீட்டுக்கு ஒன்று என்றார்கள். இரண்டாம் தளத்து வட்டச் செயலாளர் வயதுக்கு ஒன்றாக எழுபத்தாறு ஏற்றினார். அதைப் பார்த்து முதல் தளத்துக்காரர் நூற்றெட்டு. மூத்தவரைக் கிடத்தியிருக்கும் மேல்தள மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஆயிரத்தெட்டு. யாருக்கு விசுவாசம் அதிகம் என்று போட்டி. செத்தவர் எழுந்து வந்தால் அத்தனை பேரையும் உள்ளே வைத்திருப்பார்.

ஆக்ஸிஜன் 18.9. கரியமில வாயு 1.4. இரண்டு பம்பும் கொதிக்கின்றன.

நாள் 206. 13:50

இரண்டாம் பம்ப் நின்றது. மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிட்டது. மாற்றுச் சுருள் நகரக் கிடங்கில். கொண்டுவர வேண்டிய வண்டியில் பூ ஒட்டுகிறார்கள்.

தணிகாசலத்திடம் கெஞ்சினேன். ரதமும் வேண்டாம், சுருளும் வேண்டாம், பாதி விளக்கை அணைத்தால் போதும், முதல் பம்பே நாலு தளத்தையும் இழுத்துவிடும் என்றேன்.

"தலைமாட்டு விளக்கை பொணம் எடுக்கிறதுக்கு முன்னாடி யாராவது அணைப்பாங்களா மேடம்? உங்க வீட்ல அணைப்பீங்களா?"

எங்கள் வீட்டிலும் அணைக்கமாட்டோம். அப்பா செத்தபோது தலைமாட்டில் பேட்டரி விளக்குதான் வைத்தோம், அது ஒரு தடவை மங்கினதற்கே அக்கா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விளக்குப் பேச்சை அதோடு விட்டேன்.

நாலாம் தளத்தில் ஆள் இருக்கிறது, மேலே ஏற்றுங்கள் என்றேன். எல்லாரும் வரிசையில்தான் நிற்கிறார்கள், கீழே யாரும் இல்லை என்றார். அக்காவைக் கேட்டேன். வீடு வீடாகத் தட்டி எண்ணிச் சொன்னாள்:

"அறுபத்து மூணு பேருட்டி. நடக்க மாட்டாத கெழடு கட்டைங்க, பிள்ளை பெத்தவளுக ரெண்டு பேரு, காய்ச்சக்காரங்க. காவக்காரன் படிக்கதவப் பூட்டிட்டான். தட்டுனா, நேரலை ஓடுது, சத்தம் போடாதீங்கங்கான்."

நாள் 207. 07:30

நாலாம் தளத்தில் ஆக்ஸிஜன் 15.2. என் அறையிலும் அதே. தலை விண்ணென்று தெறிக்கிறது.

முதல் பம்பின் திருகு என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மேல் தளங்களுக்கு அடைத்து, நாலாம் தளத்துக்குத் திருப்பலாம். இத்தனை விளக்கு எரியும்போது இரண்டு பக்கத்துக்கும் போதாது. பிடித்தேன். திரையில் மண்டபம் தெரிந்தது. மூவாயிரம் பேர், தோளில் பிள்ளைகள். ஒரு குட்டி வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. கையை எடுத்துவிட்டேன். கோழை என்று எழுதிக்கொள்ளலாம், ஆட்சேபம் இல்லை.

நாள் 207. 08:05

என் அறைக்கான கிளையை அடைத்துவிட்டு, என் அவசரத் தொட்டியைத் திறந்து நாலாம் தளக் குழாயில் விட்டேன். எனக்கு ஒருத்திக்கு நாற்பது நாள் வரும். அவர்களுக்குப் பதினைந்து மணி நேரம். அடக்கம் மாலை ஐந்துக்கு. விளக்கு அணைந்தால் பிழைத்துக்கொள்வார்கள். எனக்கு முகமூடியில் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"காத்து வருதுட்டி! மேரி பிள்ள கண்ண முழிச்சிட்டு. நீ நல்லாருப்ப."

அக்கா சிரித்தாள். மூன்று நாளில் நான் கேட்ட ஒரே சிரிப்பு.

நாள் 207. 09:40

தணிகாசலம் தானாகவே கூப்பிட்டார். முதல் தடவை.

"மேடம், மண்டபத்துல சுடர் மங்குது, நேரலையில எடுப்பா தெரியல. பாத்தா நாலாம் தளத்துல காத்து உபரியா நிக்குது. மேல எடுத்துக்கிட்டோம். ரொம்ப நன்றி."

ஆள் இருக்கிறது என்று கத்தினேன். தொடர்பைத் துண்டித்துவிட்டார். தொட்டி முள் கண்ணெதிரே இறங்கிற்று. நான் தொட்டித் திருகை மூடவில்லை. மூடினால் அக்காவுக்குப் போகிற கொஞ்சமும் நின்றுவிடும்.

நாள் 207. 10:05

"ரெஜினா... பிள்ளைங்களுக்கு மட்டும்..."

நாள் 207. 10:20

அக்கா, பேசு.

நாள் 207. 10:35

பேசவில்லை. தொட்டி காலி. திரையில் சுடர் பளிச்சென்று எரிகிறது. ஆயிரத்தெட்டும்.

நாள் 207. 11:50

முகமூடியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பயமாக இருக்கிறது. உடுப்பின் கிழிசலில் ஒட்டுத்தாள் சுற்றிப் பார்த்தேன். சோதனையில் காற்று நிற்கவில்லை.

வானொலியில் இரங்கல் கூட்டம். தணிகாசலம் பேசுகிறார்:

"மூத்தவரின் பிரிவைத் தாங்க முடியாமல் நம் நாலாம் தளத்து உறவுகள் உயிர் நீத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் நினைவுக்கல்லில் வெட்டப்பட்டுவிட்டது."

வாசித்தார். ஒவ்வொரு பெயராக. பிலோமினா அந்தோணிமுத்து பதினேழாவது. மேரியின் பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, "ஒரு குழந்தை" என்று வாசித்தார். துக்கம் தாங்காமல் செத்ததாம், பிறந்து பன்னிரண்டு நாள்.

அறுபத்து மூன்றோடு நிறுத்துவார் என்று பார்த்தேன்.

"அறுபத்து நான்கு. காற்று நிலையப் பொறியாளர் ரெஜினா அந்தோணிமுத்து. கடைசி மூச்சையும் தலைவருக்குத் தந்த தங்கை."

நாள் 207. 12:02

கூப்பிட்டேன். உயிரோடு இருக்கிறேன், வண்டி அனுப்புங்கள், இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது என்றேன். ஒரு பெண் எடுத்தாள்:

"கல்லுல வெட்டியாச்சும்மா. நான் கேட்டுச் சொல்றேன்."

நாள் 207. 12:30

கேட்டுச் சொல்லவில்லை.

அறுபத்து நாலு பேருக்கும் ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். எழுந்து நின்றேன். நின்ற பிறகுதான் உறைத்தது, எனக்கும் சேர்த்துத்தான் நிற்கிறேன் என்று. பழக்கம் விடவில்லை.

நாள் 207. 12:44

கண்டெடுப்பவருக்கு. துக்கம் இல்லை. எழுதிக்கொள்ளவும். அறுபத்து நாலு பேருக்கும் காரணம் காற்று. சுவரில் இருக்கும் சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறேன். எடுத்துப் போய் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்

நாள் 207. 12:51

வானொலி சொல்கிறது. இனி வருஷா வருஷம். இதே மூன்று நாள். வீட்டுக்கு ஏழு விளக்கு